நைட் ஷிஃப்டா, ஆடிட்டர் ஆபீஸா, டிஎன்பிஎஸ்சியா: ஒரு பி.காம். மாணவரின் கேள்விக்குப் பதில்

ஈரோடு பக்கம் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சார், அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி ஆகப்போகிறேன். எங்கள் கல்லூரிக்கு வரும் கம்பெனிகள் எல்லாம் நைட் ஷிஃப்ட் போன் வேலைக்குத்தான் ஆள் எடுக்கின்றன. சிஏ படிக்க வசதியும் இல்லை, தைரியமும் இல்லை. மாமா டிஎன்பிஎஸ்சி படி என்கிறார். இன்டர்ன்ஷிப் போ என்று சீனியர்கள் சொல்கிறார்கள், எங்கே போவது என்று யாரும் சொல்வதில்லை. நான் என்ன ஆவது?"

தம்பி, நான் ஒரு சாயப்பட்டறையில் ஆறு வருடம் கணக்கு எழுதிவிட்டு, அப்புறம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பதினாறு வருடம் பிளேஸ்மென்ட் வேலை பார்த்தவன். உங்கள் கேள்வியை வேறு வேறு குரலில் சில நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஆரம்ப வருடங்களில் நான் கொடுத்த பதில் தப்பு. ‘உனக்கு என்ன பிடிக்கும்’ என்று கேட்டுவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரி ஏதோ ஒரு கோர்ஸ் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவேன். பத்தொன்பது வயதுப் பையனுக்கு என்ன பிடிக்கும் என்று அவனுக்கே எப்படித் தெரியும்? அவன் பார்த்தது தறி, வாத்தியார், பஸ் கண்டக்டர், பேங்க் கவுண்டர். இவ்வளவுதான். நம் மொழியில் வேலை ‘செய்கிறான்’ என்பதை விட வேலை ‘பார்க்கிறான்’ என்றுதான் அதிகம் சொல்கிறோம். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. என்ன ஆவது என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, மூன்று நான்கு வேலைகளைப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். எங்கே நிற்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஆடிட்டர் ஆபீஸ். சிஏ படிக்கப் போகிறீர்களோ இல்லையோ, பி.காம். மாணவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் நம் ஊர்களில் இல்லை. ஈரோட்டில் மட்டுமல்ல, கோபி, பவானி, பெருந்துறை என்று எந்த ஊரை எடுத்தாலும் ஜவுளிக்கடை மாடியிலோ மருந்துக்கடை மாடியிலோ ஓர் ஆடிட்டர் ஆபீஸ் இருக்கும். சிஏ அல்லாத வரி ஆலோசகர்களும் உண்டு. அவர்களிடம் போனாலும் சரிதான், கற்றுக்கொள்ளும் வேலை ஏறத்தாழ ஒன்றுதான்.

அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன், அப்போதுதான் பயம் போகும். முதல் வாரம் உங்களை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஏதாவது ஒரு மளிகைக் கடைக்காரர் மஞ்சப்பை நிறையக் கொண்டுவந்து கொட்டிய பில்களைத் தேதி வாரியாக அடுக்கச் சொல்வார்கள். அதில் பாதி பில்லில் மை மங்கியிருக்கும். இதற்கா பி.காம். படித்தோம் என்று தோன்றும். அடுக்குங்கள். இரண்டாம் வாரம் டேலி என்ற கணக்கு மென்பொருளில் கொள்முதல் பதியச் சொல்வார்கள். மாதம் 14-ஆம் தேதி வந்ததும் ஆபீஸின் சத்தமே மாறும். ஜிஎஸ்டி தளத்தில் அன்றைக்குத்தான் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியல் தயாராகும். உங்கள் கட்சிக்காரருக்குச் சரக்கு விற்றவர்கள் எல்லாம் 11-ஆம் தேதிக்குள் தாங்கள் போட்ட பில்களைக் கணக்குக் காட்டியிருப்பார்கள் அல்லவா, அதன் தொகுப்பு அது. இந்தப் பட்டியலையும் கட்சிக்காரரின் கொள்முதல் பதிவேட்டையும் வரிவரியாக ஒத்துப் பார்க்க வேண்டும். 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதக் கணக்கைப் போட்டு வரி கட்ட வேண்டும். நடுவில் இருப்பது ஆறே நாள்.

ஒத்துப் பார்க்கும்போதுதான் சுவாரசியம். பதிவேட்டில் 0145 என்று இருக்கும் பில், பட்டியலில் 145 என்று இருக்கும். எக்செல் இரண்டையும் வேறு வேறு என்று சொல்லும். ஒரு பில் பட்டியலிலேயே இருக்காது. விற்றவர் காட்ட மறந்திருப்பார், அல்லது வேறு ஒருவரின் ஜிஎஸ்டி எண்ணில் ஏற்றியிருப்பார். அந்தப் பில்லுக்கு உண்டான வரி வரவை, அதாவது வாங்கும்போதே கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகையை, உங்கள் கட்சிக்காரர் இந்த மாதம் எடுக்க முடியாது, கையிலிருந்து கட்ட வேண்டும். அப்போது சீனியர் உங்களிடம் போனைக் கொடுத்து ‘நீயே பேசு’ என்பார். "அண்ணே, உங்க ஆகஸ்ட் மாசப் பில் ஒண்ணு டூபில வரலீங்க, கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா" என்று நீங்கள் கேட்கும் அந்த நிமிடத்தில், வகுப்பில் கேட்ட மறைமுக வரிப் பாடம் முழுக்க ஒரே இடத்தில் வந்து நிற்கும். நான் அனுப்பிய பிள்ளைகளில் பலருக்குப் படிப்பின் மேல் மரியாதை வந்தது இந்த மாதிரி ஒரு போன் காலுக்கு அப்புறம்தான்.

எப்போது போவது? மே மாதம். நான்காம் செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு. அப்போது ஆபீஸில் ஓரளவு மூச்சு விட நேரம் இருக்கும், கற்றுக்கொடுப்பார்கள். ஜூலையில் வருமான வரிக் கணக்கு தாக்கல் கூட்டம் ஆரம்பித்துவிடும். செப்டம்பர் 30 வரித் தணிக்கை அறிக்கைக்குக் கடைசி நாள். அந்த மாதம் நீங்கள் போய் நின்றால் ‘யார் நீ’ என்று கேட்கக்கூட ஆள் நிமிர மாட்டார்கள். மே மாதம் நுழைந்து பழகிக்கொண்டால், செப்டம்பரில் அவர்களே ‘சனிக்கிழமை வர முடியுமா தம்பி’ என்று கூப்பிடுவார்கள். அப்போது சம்பளமும் கேட்கலாம்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். சிறு ஊர் ஆடிட்டர் மெயிலைப் பார்ப்பது கட்சிக்காரர் அனுப்பும் பேங்க் ஸ்டேட்மென்டுக்காகத்தான். நேரில் போங்கள். காலை பத்து மணிக்குப் போகாதீர்கள், மாலை நாலரை மணிவாக்கில் போங்கள். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "வணக்கம் சார். இன்ன கல்லூரியில் பி.காம். ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். லீவுல முப்பது நாள் உங்க ஆபீஸ்ல வேலை கத்துக்க வரலாம்னு இருக்கேன். டேலி அடிப்படை தெரியும். காலேஜ்ல லெட்டர் வாங்கிட்டு வர்றேன்." இன்டர்ன்ஷிப் என்ற சொல்லைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பலருக்கு அது ‘சர்டிபிகேட் மட்டும் கேட்டு வந்த பையன்’ என்று காதில் விழும். ஐந்து இடத்தில் கேட்டால் மூன்று இடத்தில் ‘பார்க்கலாம் தம்பி’ என்பார்கள். அதற்கு இல்லை என்று அர்த்தம், மனசு விட வேண்டாம். ஓர் இடம் போதும்.

சம்பளம் இல்லாமலா என்று கேட்பீர்கள். முதல் முப்பது நாள் அப்படிப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பஸ் காசும் மதியச் சாப்பாடும் கிடைத்தால் நல்லது. இரண்டாவது மாதமும் ‘கத்துக்கிறாய் அல்லவா’ என்று சும்மா வேலை வாங்கினால், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். நாளுக்கு நாற்பது பில் பதிகிறவன் கற்றுக்கொள்கிற பையன் இல்லை, வேலைக்காரன்.

நீங்கள் காசு கொடுத்து இன்டர்ன்ஷிப் போவது பற்றிச் சொல்லவே வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் வருடா வருடம் யாராவது ஏமாறுகிறார்கள். ஒரு வாரம், சில ஆயிரம் ரூபாய், கடைசி நாள் கலர் சர்டிபிகேட். பொறியியல் பிள்ளைகளிடம் இன்பிளான்ட் ட்ரெய்னிங் என்ற பெயரில் ரொம்ப நாளாக ஓடும் வியாபாரம், இப்போது கலைக் கல்லூரிகளுக்கும் வந்துவிட்டது. கல்லூரி ஆவணத்தில் ஒட்ட அது உதவும். இன்டர்வியூவில் ‘அங்கே என்ன செய்தாய்’ என்ற முதல் கேள்வியிலேயே கிழிந்துவிடும்.

இரண்டாவது இடம், ஏற்றுமதி ஆபீஸ். நீங்கள் இருப்பது ஈரோடு. ஒரு மணி நேர பஸ்ஸில் திருப்பூர். இந்தப் பக்கம் சென்னிமலை, அந்தப் பக்கம் கரூர். பனியனோ பெட்ஷீட்டோ கண்டெய்னரில் ஏறித் தூத்துக்குடி போவதற்கு முன்னால் ஒரு கட்டுக் காகிதம் தயாராக வேண்டும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், அப்புறம் சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தரும் பில் ஆஃப் லேடிங். வாங்குபவர் எல்.சி. (பணம் தருவதற்கு அவருடைய வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) திறந்திருந்தால், அதில் எழுதியிருக்கிற வாசகமும் நம் காகிதத்தில் இருக்கிற வாசகமும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரு கம்பெனி பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனால்கூட வெளிநாட்டு வங்கி ‘முரண்பாடு’ என்று பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பிருக்கிறது. இந்த வேலைக்கு எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன் என்று பெயர். பகல் வேலை, பொறுமைக்காரர்களுக்கான வேலை, பெரிய பட்டம் எதுவும் கேட்காத வேலை. எங்கள் கல்லூரியில் படித்த ஒரு மாணவி, வகுப்பில் வாயே திறக்காத பெண், இன்றைக்கு ஒரு பின்னலாடை நிறுவனத்தில் இந்தப் பிரிவு முழுவதையும் பார்த்துக்கொள்கிறார். கேம்பஸ் இன்டர்வியூவில் மூன்று கம்பெனி அவரை நிராகரித்தது. மூன்றுமே பேச்சை வைத்து ஆள் எடுக்கும் கம்பெனிகள். அந்தத் தராசில் அவரை நிறுத்தியது என் தப்பு.

அதே பாணியில் பெருந்துறை சிப்காட்டில் இருக்கும் ஆலைகளின் ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ் பிரிவுகளையும் எட்டிப் பாருங்கள். மஞ்சள் மண்டிகளின் கணக்குப் பிள்ளை வேலையையும்கூட. ஏலத்தில் நிர்ணயமான விலை, எடை, கமிஷன், கூலி, சாக்குக்குக் கழிவு என்று ஒரு மூட்டையின் கணக்கைப் பட்டியலில் எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. இதை யாரும் ரெசியூமேயில் எழுதுவதில்லை. எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

மூன்றாவது, நீங்கள் சலித்துக்கொண்ட அந்த நைட் ஷிஃப்ட். இதைப் பற்றிக் கொஞ்சம் நியாயமாகப் பேச வேண்டும். உங்கள் கல்லூரிக்கு வருபவை பெரும்பாலும் அமெரிக்க மருத்துவ பில்லிங் கம்பெனிகளாக இருக்கும், வேலையின் பெயர் ஏஆர் காலர். அங்கே ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பில் அனுப்புகிறார். பணம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இங்கிருந்து போன் போட்டுக் கேட்பதுதான் வேலை. தாமதமாக அனுப்பினார்கள், முன் அனுமதி வாங்கவில்லை, நோயாளியின் பாலிசி எண் தப்பு என்று நூறு காரணம் வரும். காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். அவர்களுக்குப் பகல் என்றால் நமக்கு இரவு, அதனால்தான் நைட் ஷிஃப்ட். பொருள் விற்கிற போன் வேலை இல்லை, வசூல் கணக்கு வேலை. ஆங்கிலம் பேசும் கூச்சம் ஆறு மாதத்தில் போய்விடும். வகுப்பில் நான் வருடக்கணக்கில் முயன்றும் நடக்காதது அது. ஆனால் தூக்கம் கெடும், வயிறு கெடும். இரண்டு மூன்று வருடத்தில் தரச் சோதனைக்கோ குழுத் தலைமைக்கோ நகராதவர்கள் அலுத்துப்போய் வெளியே வருகிறார்கள். வெளியே வந்தால் அந்த அனுபவம் அதே மாதிரிக் கம்பெனியில்தான் செல்லுபடியாகும். குடும்பத்துக்கு உடனே பணம் வேண்டும் என்றால் போங்கள், கேவலம் ஒன்றும் இல்லை. போகும்போதே ‘இரண்டு வருடம், அதற்குள் இன்ன தொகை சேர்ப்பேன், இன்ன படிப்பை முடிப்பேன்’ என்று ஒரு தேதி வைத்துக்கொண்டு போங்கள்.

பெரிய கம்பெனிகளின் பிபிஓ பிரிவுகளும் பி.காம். பிள்ளைகளை எடுக்கின்றன. அதில் போன் இல்லாத, ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு வரும் பில்களைச் சரிபார்த்துப் பணம் விடுவிக்கும் வேலைகள் இருக்கின்றன. இன்டர்வியூவில் ‘வாய்ஸா, நான்-வாய்ஸா (போனில் பேசும் வேலையா, பேசாத வேலையா), எந்த ப்ராசஸ்’ என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டால் வேலை போய்விடாது.

சம்பள விஷயம் ஒன்று. ஆஃபர் லெட்டரில் ஆண்டுக்கு 2,40,000 சிடிசி, அதாவது கம்பெனி உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை, என்று இருக்கும். நம் பிள்ளை 12-ஆல் வகுத்து மாதம் 20,000 என்று அம்மாவிடம் சொல்லிவிடுவான். கையில் அது வராது. அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 1,200. கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், 481. கம்பெனி பங்கு இஎஸ்ஐ 3.25 சதவீதம், இந்தச் சம்பளத்தில் ஏறத்தாழ 577. இவை மூன்றையும் அந்த 20,000-க்குள்ளேயே கணக்குக் காட்டுவார்கள். மீதி சுமார் 17,740. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,200, இஎஸ்ஐ 0.75 சதவீதம் 133 போகக் கையில் 16,400 சொச்சம். தொழில் வரி வேறு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. கோவையிலோ சென்னையிலோ ரூம் வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் இதற்குள். பி.எஃப். உங்கள் பணம்தான், நட்டம் இல்லை. ஆனால் அட்வான்ஸ் கொடுத்து ரூம் எடுக்கும் முன்னால் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். பி.காம். மாணவர் இதைப் போடத் தெரியாமல் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

சிஏ பற்றி. வசதி இல்லை என்கிறீர்கள், அதை முடிவாக வைக்காதீர்கள். பி.காமில் 55 சதவீதம் இருந்தால் ஃபவுண்டேஷன் தேர்வைத் தாண்டி நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். 2023-இல் வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் இருந்து பெறும் கட்டாயப் பயிற்சி) மூன்று வருடத்திலிருந்து இரண்டு வருடமாகக் குறைந்திருக்கிறது, அந்த இரண்டு வருடமும் உதவித்தொகை உண்டு. காசை விட அதிகம் தேவைப்படுவது தோற்றுத் தோற்று எழுதும் நெஞ்சு. அது உங்களுக்கு இருக்கிறதா என்பது ஆடிட்டர் ஆபீஸில் அந்த முப்பது நாள் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். அங்கே ஆர்ட்டிகிள் பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தால் மதியச் சாப்பாட்டின்போது அவர்களிடம் கேளுங்கள், வாத்தியார் சொல்வதைவிட உண்மையாகச் சொல்வார்கள். இன்டர் மட்டும் முடித்துவிட்டு நல்ல சம்பளத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் நிறைய. இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், 55-ஐ விட்டுவிடாதீர்கள். அரியர் வைக்காதீர்கள். கேம்பஸுக்கு வரும் கம்பெனிகளில் பல பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் கேட்கும்.

உங்கள் மாமா சொல்லும் டிஎன்பிஎஸ்சி. மாமா தப்பாகச் சொல்லவில்லை, பாதியைச் சொல்கிறார். 2024 குரூப் 4-க்கு 6,244 இடம் என்று அறிவித்தபோது விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். இது பயமுறுத்த இல்லை. விண்ணப்பிக்கிறவர்களில் பெரும்பகுதி படிக்காமல் வருகிறவர்கள். ஆனால் உண்மையாகப் படிக்கிறவர்களே பல மடங்கு இருக்கிறார்கள் என்பதால், கிடைக்காமல் போனால் என்ன என்பதற்கு ஒரு பதில் கையில் வேண்டும். நான் பார்த்த பெரிய துயரம் இதுதான்: டிகிரி முடித்து, நூலகத்தில் மூன்று வருடம், நான்கு வருடம் உட்கார்ந்து, இரண்டு மூன்று மார்க்கில் தவறவிட்டு, 26 வயதில் எந்த அனுபவமும் இல்லாமல் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்ற பிள்ளைகள். கெட்டிக்காரப் பிள்ளைகள். டிகிரிக்குப் பின் முழு நேரமாக ஒரு வருடம் வேண்டுமானால் கொடுங்கள். அதற்கு அப்புறம் பகல் வேலை ஒன்றில் இருந்துகொண்டு காலையும் இரவும் படியுங்கள். தமிழ்ப் பகுதியில் நன்றாக எடுப்பவர் என்றால் குரூப் 4-இல் 200 கேள்வியில் 100 அதுதான், உங்களுக்குச் சாதகம். வங்கித் தேர்வுகளையும் சேர்த்துப் பாருங்கள், கணக்கும் தர்க்கமும் இரண்டுக்கும் ஓரளவு பொது.

டிகிரி கைக்கு வந்ததும் பலர் கவனிக்காத ஒரு வழி, அப்ரண்டிஸ். 1961-ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வருவது. நேட்ஸ் என்ற மத்திய அரசின் அப்ரண்டிஸ் தளத்தில் பதிவு செய்தால் ஓராண்டுப் பயிற்சிக்கு நிறுவனங்கள் கூப்பிடும். 2019-இல் வந்த விதி பட்டதாரிக்குக் குறைந்தது மாதம் 9,000 என்று வைத்தது. நம் பகுதிக்கு இதைப் பார்த்துக்கொள்ளும் வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. இன்ஜினியர்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பி.காமுக்கும் உண்டு. பொதுத்துறை வங்கிகளும் பட்டதாரி அப்ரண்டிஸ் எடுக்கின்றன. வருடம் முடிந்ததும் நிரந்தரமாக்குவார்கள் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள், அப்படி எந்தக் கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. 2024-இல் மத்திய அரசு ஆரம்பித்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டமும் இருக்கிறது, மாதம் 5,000 என்று தொடங்கினார்கள். முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அல்ல என்பதால் உங்களுக்கு இப்போது அது ஆகாது. உங்கள் கல்லூரியில் ‘நான் முதல்வன்’ பாடம் ஏதாவது நடக்கிறதென்றால் கிரெடிட்டுக்காக மட்டும் உட்காராதீர்கள். 2022-இல் அது ஆரம்பித்தபோது நானும் ஏளனமாகத்தான் பேசினேன். எக்செல் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வந்த பிள்ளைகளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

எக்செல் என்றதும் நினைவுக்கு வருகிறது. ‘எம்எஸ் ஆபீஸ் தெரியும்’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஒரு தடவை கோவையிலிருந்து வந்த கம்பெனிக்காரர் இரண்டாயிரம் வரி விற்பனைப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, ஊர் வாரியாக, மாதம் வாரியாகக் கூட்டித் தரச் சொன்னார். இருபது நிமிடம். முப்பத்தெட்டுப் பேரில் நான்கு பேர்தான், எக்செலே வகைபிரித்துக் கூட்டித் தரும் பிவட் டேபிள் போட்டார்கள். மற்றவர்கள் ஒவ்வொன்றாகக் கூட்டப் பார்த்தார்கள், இரண்டு பேர் நிஜமாகவே கால்குலேட்டரை எடுத்தார்கள். விலுக்அப், சம்இஃப்ஸ், பிவட் டேபிள். இந்த மூன்றும் கை தானாகப் போகும் அளவுக்குப் பழகினால் போதும். யூடியூப் பார்த்துப் பழகாதீர்கள். உங்கள் தெரு மளிகைக் கடையின் ஒரு மாதப் பில்லை வாங்கிவந்து ஏற்றிப் பழகுங்கள், அழுக்கான தரவு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரியும்.

ரெசியூமே ஒரே பக்கம். சவாலான சூழலில் பணியாற்றி என் திறமையை வளர்த்து என்று ஆரம்பிக்கும் அந்த ஆங்கில வாக்கியத்தை எடுத்துவிடுங்கள், பத்து வருடமாக அதே வாக்கியம் ஒவ்வொரு ரெசியூமேயிலும் வருகிறது, யார் முதலில் எழுதியது என்று தெரியவில்லை. அப்பா பெயர், மதம், உறுதிமொழி எதுவும் வேண்டாம். ‘ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 2 மாதம், 12 கட்சிக்காரர்களின் 2பி ஒத்துப் பார்த்தேன், டேலியில் சுமார் 900 பில் பதிந்தேன்’ என்று ஒரு வரி இருந்தால் மீதி எல்லாம் அலங்காரம். எண்ணிக்கை உண்மையாக இருக்கட்டும், அதற்காகவே அங்கே தினமும் ஒரு சின்ன நோட்டில் எழுதிவையுங்கள். சுய அறிமுகத்தில் ‘மைசெல்ஃப்’ என்று ஆரம்பிக்காதீர்கள். பெயரைச் சொல்லிவிட்டு நேராக அந்த 2பி கதைக்குப் போங்கள். 0145-க்கும் 145-க்கும் நடந்த சண்டையைத் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் சொன்னாலும் எதிரில் இருப்பவர் கேட்பார், ஏனென்றால் அது உங்களுக்கு நடந்தது.

இரண்டு எச்சரிக்கை. வேலைக்காக யார் பணம் கேட்டாலும், டெபாசிட், யூனிஃபார்ம், லேப்டாப், வெரிஃபிகேஷன் என்று எந்தப் பெயரில் கேட்டாலும், எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைச் சரிபார்க்கக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. எனக்கே ஒரு முறை நடந்தது. நான் நம்பி அனுப்பிய ஓர் இடத்தில் ஆறு பிள்ளைகளின் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, வேறு வேலைக்குப் போக விடாமல் ஒரு வருடம் இழுத்தடித்தார்கள். பெற்றோர் கூட்டமாகப் போய் நின்ற பிறகுதான் கைக்கு வந்தது. இன்னொன்று, கல்லூரி வாசலில் தொங்கும் பிளேஸ்மென்ட் சதவீதத்தைப் பார்த்து உங்களைத் தாழ்வாக நினைக்காதீர்கள். அந்த ஃப்ளெக்ஸை நானும் எழுதியிருக்கிறேன். ஒரே பையன் மூன்று ஆஃபர் வாங்கினால் மூன்று என்று எண்ணினோம். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் ஆறு மாதம் நின்றார்கள் என்று எண்ணவே இல்லை.

கடைசியாக, ஆடிட்டர் யாரையும் தெரியாதே என்று யோசிப்பீர்கள். தெரியும். அப்பா யாருக்குத் தறி ஓட்டுகிறாரோ அந்த முதலாளிக்கு ஓர் ஆடிட்டர் கட்டாயம் இருப்பார். இன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் அந்தப் பெயரைக் கேட்டு வாங்குங்கள். ‘இன்னார் தறியில் இருக்கிறவர் மகன்’ என்று போனால் உட்காரச் சொல்வார்கள். போகும்போது சட்டைப்பையில் நீலப் பேனா ஒன்றும் பென்சில் ஒன்றும் இருக்கட்டும், சரிபார்த்த பில்லில் பென்சிலால்தான் டிக் போடச் சொல்வார்கள். அப்புறம், அந்த மாதிரி ஆபீஸ் பலவற்றில் செருப்பை வாசலில் விட வேண்டியிருக்கும், ஓட்டை இல்லாத சாக்ஸாகப் போட்டுக்கொண்டு போங்கள்.